மீன்களின் கணக்கும் மறுக்கப்பட்ட சத்தியப்பிரமாணமும்

வகையீட்டுச் சமன்பாடுகளைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வாசகர்கள் வொல்டெரா என்ற பெயரை அறிந்திருப்பர். இரையாகும் உயிரினமும் இரைகௌவியும் ஒன்றையொன்று சார்ந்து பெருகித் தேயும் முறையைக் கூறும் இரு சமன்பாடுகள் அவர் பெயரால் வழங்குகின்றன. பாடநூல்கள் அப்பெயருடன் நின்றுவிடும். அந்த மனிதர் தமது எழுபத்தோராம் வயதில் ஒரு கையொப்பத்தை மறுத்து விரிவுரை மண்டபத்தை இழந்த வரலாற்றை அவை கூறுவதில்லை.

விற்றோ வொல்டெரா 1860 மே 3ஆந் திகதி இத்தாலியின் அங்கோனாத் துறைமுகத்தில் வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். துணி வணிகரான தந்தை, மகனுக்கு இரண்டு வயதாகையில் இறந்துபோனார். தாயும் மகனும் மாமனின் ஆதரவில் வாழ்ந்தனர். பதின்மூன்று வயதில் யூல் வேர்ணின் சந்திரப் பயணக் கதையை வாசித்த சிறுவன், பூமியும் சந்திரனும் இழுக்கும் வெளியில் குண்டு செல்லும் பாதையைக் கணிக்க முற்பட்டான். காலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் விசை மாறாதெனக் கொண்டான். இன்று கணினிகள் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதும் ஏறத்தாழ இவ்வழியிலேதான். வீட்டாரோ வங்கி உத்தியோகத்தையே விரும்பினர். பௌதிகப் பேராசிரியர் ஒருவர் தலையிட்டு உதவியாளர் பதவி அளித்திராவிடின் அவர்கள் விருப்பமே நிறைவேறியிருக்கும். 1883இல், இருபத்துமூன்றாம் வயதில், வொல்டெரா பீசாவில் பேராசிரியரானார். 1900இல் உரோம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1905இல் மூதவை உறுப்பினரானார்.

அவரைத் தேசப்பற்றற்றவர் என எவரும் சொல்லவியலாது. முதலாம் உலக யுத்தத்தில் இத்தாலி பங்கெடுக்கவேண்டுமென வாதாடியதோடு, ஐம்பத்தைந்து வயதில் தாமே படையிற் சேர்ந்தார். ஆகாயக் கப்பல்களில் எளிதில் தீப்பற்றும் ஐதரசனுக்குப் பதிலாக ஈலியத்தைப் பயன்படுத்துமாறு முன்மொழிந்தவரும் அவரே.

அந்த யுத்தமே அவரைப் புகழ்பெற்ற சமன்பாடுகளுக்கு இட்டுச் சென்றது. விலங்கியலாளரான அவரது மருமகன் உம்பேர்த்தோ டங்கோனா, அட்ரியாற்றிக் கடலோரச் சந்தைகளின் மீன் கணக்குகளை ஆராய்ந்தார். பியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை முதலிய இரைகௌவிகளின் பங்கு 1914இல் ஏறத்தாழ 12 சதவீதம். 1918இல் அது 36 சதவீதமாயிற்று. 1923இல் மீண்டும் 11 சதவீதத்துக்கு இறங்கியது. யுத்தத்தால் மீன்பிடி குறைந்தது உண்மை. ஆனால் அதனால் சுறாக்கள் மட்டும் ஏன் பெருகவேண்டும்?

வொல்டெரா 1926இல் விடை தந்தார். இரைமீன்கள் தம் தொகைக்கேற்பப் பெருகும். சுறாக்கள் உணவின்றித் தம் தொகைக்கேற்ப அருகும். இரண்டும் சந்திக்கும் வாய்ப்போ அவற்றின் தொகைகளின் பெருக்கத்தைப் பொறுத்தது. அச்சந்திப்பு முன்னதைக் குறைக்கும்; பின்னதை வளர்க்கும். இவற்றைச் சமன்பாடுகளாக எழுதினால் இரு தொகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியிறங்கிச் சுழல்வது தெரியும். வலைகள் இரு இனங்களையும் அள்ளும்போது, இழப்பை ஈடுசெய்யச் சுறாக்களுக்கு மேலும் அதிக இரை தேவைப்படும். ஆகவே நீண்டகாலச் சராசரியில் இரைமீன் கூடும், சுறா குறையும். வலைகள் ஓய்ந்தால் இது தலைகீழாகும். அமெரிக்காவில் அல்பிரட் லொட்கா இதே சமன்பாடுகளை முன்னரே எழுதியிருந்தார். வொல்டெரா அதை ஏற்றுக்கொண்டார். இன்று இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன.

இதற்கிடையில் முசோலினியின் ஆட்சி இறுகியது. 1925இல் பாசிசத்துக்கு எதிரான அறிவாளர் அறிக்கையில் வொல்டெரா ஒப்பமிட்டார். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டசின் பேரளவில்தான். ஒப்பமிட்டவர்கள் எல்லோரும் பாசிசவாதிகளல்லர். குடும்பத்தையும் மாணவரையும் எண்ணிப் பேனாவைத் தொட்டவர் பலர். அந்த நெருக்குதல் எத்தகையதென்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வொல்டெரா மறுத்தார், பதவி பறிபோயிற்று. பாரிசில் அவர் ஆற்றிய உயிரினப் போராட்டக் கணித விரிவுரைகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

1934இல் விஞ்ஞானக் கழக அங்கத்தவர்களிடமும் பிரமாணம் கேட்கப்பட்டது. அதையும் மறுத்து, தாம் முன்பு தலைமை தாங்கிய லிஞ்செயிக் கழகத்திலிருந்தும் விலக்கப்பட்டார். பின்னர் பெரும்பாலும் வெளிநாடுகளிலேயே காலங்கழித்தார். 1938இன் இனச் சட்டங்களால் சட்டப் பேராசிரியரான மகன் எதுவார்தோவும் பதவியிழந்தார்.

1940 ஒக்ரோபர் 11ஆந் திகதி வொல்டெரா உரோம் நகரில் காலமானார். இத்தாலியின் அரச கழகங்கள் மௌனம் காத்தன. இத்தாலியும் பிரித்தானியாவும் யுத்தத்திலிருந்த வேளை அது. எனினும் 1941இல், இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில், அவரது வாழ்வையும் பணியையும் விரிவாகக் கூறும் கட்டுரையைக் கணிதவியலாளர் எட்மண்ட் விற்றேக்கர் எழுதினார்.