சுழியமும் நானூற்றுப் பதின்மூன்றும்

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எண்களைக் கொண்டே எழுதிவிடலாம் என்று நம்புவோர் உலகெங்கும் உள்ளனர். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தை விரும்புவோர் இதில் முதலிடம் பெறுவர். எந்த ஆண்டில் யார் எத்தனை முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார், எத்தனை முறை அடிக்கத் தவறினார் என்பதையெல்லாம் நூறாண்டுக்கும் மேலாகக் குறித்து வைத்திருக்கின்றனர். அந்தக் கணக்கு முறையைப் பரப்பியவர் ஹென்றி சாட்விக். அவர் இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதிவந்தவர். ஆகவே கணக்கு வைக்கும் பழக்கத்தில் பேஸ்பாலும் கிரிக்கெட்டும் உறவுமுறை உடையவையே.

கொல்கத்தாவில் பிறந்த கிரிக்கெட் வீரர் ஒருவரின் கணக்கேட்டை இப்பாடத்தில் புரட்டிப் பார்ப்போம். அவர் பெயர் பங்கஜ் ராய். அவருடைய பெயரை இரண்டு எண்கள் விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சுழியம், மற்றொன்று நானூற்றுப் பதின்மூன்று. இரண்டாவது எண் பிறந்த ஊர் சென்னை. லேக் மார்க்கெட் பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஈடன் கார்டன்ஸும் தம் ஊர். சேப்பாக்கமும் தம் ஊர். அவர்கள் இவரை இரு வழியிலும் உரிமை கொண்டாடலாம்.

பங்கஜ் ராய் 1928ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பிறந்தார். கொல்கத்தாப் பிள்ளைகள் பலரையும் போலக் கால்பந்திலும் அவருக்குப் பற்று மிகுதி. ஸ்போர்ட்டிங் யூனியன் கழகத்துக்காக இரு விளையாட்டுகளையும் ஆடினார். 1946–47 பருவத்தில் வங்காள அணிக்காகத் தம் முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் களமிறங்கி, அதிலேயே சதம் அடித்தார். நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய அந்தக் கொந்தளிப்பான காலத்தில், பதினெட்டு வயது இளைஞருக்கு இது சிறிய செயலன்று.

1951ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. அத்தொடரில்தான் ராய் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் இடம்பெற்றார். பம்பாயில் 140 ஓட்டங்கள் எடுத்தார். தொடரின் இறுதி ஆட்டம் 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. அதில் ராய் 111 ஓட்டங்களும், பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ஓட்டங்களும் எடுத்தனர். வினூ மன்கட் இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தார். இந்தியா ஓர் இன்னிங்ஸ், 8 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. 1932 முதல் டெஸ்ட் ஆடிவந்த இந்தியாவுக்கு அதுவே முதல் வெற்றி. இருபது ஆண்டுக் காத்திருப்பு சென்னையில் முடிந்தது. முதல் தொடரிலேயே இரண்டு சதங்கள் அடித்த ராய்க்கு அப்போது வயது இருபத்து மூன்று.

அதே ஆண்டின் கோடையில் இந்திய அணி இங்கிலாந்துக்குச் சென்றது. லீட்ஸ் நகரில் முதல் டெஸ்ட். இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்க ராய் களமிறங்கினார். எதிரில் ஃபிரெட் ட்ரூமன் என்ற இருபத்தொரு வயது வேகப்பந்து வீச்சாளர். அவருக்கு அது முதல் டெஸ்ட். ராய் ஓட்டம் ஏதும் எடுக்காமல் வீழ்ந்தார். அவரைத் தொடர்ந்து கெய்க்வாட், மந்திரி, மஞ்ச்ரேகர் ஆகியோரும் வீழ்ந்தனர். ஓட்டப் பலகையைப் பார்த்தவர்கள் அது பழுதாகிவிட்டதோ என்று எண்ணியிருக்கக்கூடும். நால்வர் ஆட்டமிழந்திருந்தனர்; அணியின் ஓட்டமோ சுழியம். டெஸ்ட் வரலாற்றில் அப்படியொரு தொடக்கம் அதற்கு முன் நிகழ்ந்ததில்லை.

தலைக்கவசம் இல்லாத காலம் அது. மழை பெய்தால் ஆடுகளம் நனையும். நனைந்த களத்தில் பந்து எப்படி எழும் என்று யாராலும் சொல்ல இயலாது. மெதுவான இந்தியக் களங்களில் பழகியவர்களுக்கு ட்ரூமனின் வேகம் புதிது. அத்தொடரில் ராய் எடுத்த ஓட்டங்களை வரிசையாகப் பாருங்கள்: 19, 0, 35, 0, 0, 0, 0. ஏழு இன்னிங்ஸ்களில் ஐந்து சுழியங்கள். மொத்தம் 54 ஓட்டங்கள். மான்செஸ்டரில் இந்திய அணி முழுவதும் ஒரே நாளில் இரண்டு முறை ஆட்டமிழந்தது. அங்கே இரு முறையும் ராயின் பெயருக்கு எதிரே சுழியமே எழுதப்பட்டது.

தோல்வி அணி முழுவதற்கும் உரியதாயினும், தொடக்க ஆட்டக்காரரின் சுழியமே முதலில் கண்ணில் படும். புகழோடு புறப்பட்டுச் சென்ற இளைஞர் இத்தகைய கணக்கோடு திரும்புவது எளிதன்று. அணியில் தமக்கு இனியும் இடம் உண்டா என்ற கேள்வி எந்த ஆட்டக்காரருக்கும் எழக்கூடிய நிலை அது.

விடை 1953ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் கிடைத்தது. கிங்ஸ்டன் நகரில் நடந்த டெஸ்டில் ராய் முதல் இன்னிங்ஸில் 85 ஓட்டங்கள் எடுத்தார். அதன்பின் ஆடிய மேற்கிந்திய அணி 576 ஓட்டங்களைக் குவித்து, 264 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. தோல்வி கண்ணெதிரே நின்றது. இரண்டாம் இன்னிங்ஸில் ராயும் விஜய் மஞ்ச்ரேகரும் இரண்டாம் விக்கெட்டுக்கு 237 ஓட்டங்கள் சேர்த்தனர். ராய் 150, மஞ்ச்ரேகர் 118. லீட்ஸில் சுழியத்தில் வீழ்ந்த நால்வரில் இருவர் இவர்களே என்பதை மறவாதீர்கள். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இன்று இந்த 150 பற்றிப் பேசுவோர் குறைவு. இவருடைய ஐந்து சதங்களில் இதுவே அருமையானது என்று கொள்ளலாம்.

இனி இரண்டாவது எண்ணுக்கு வருவோம். 1955 இறுதியில் நியூசிலாந்து அணி இந்தியாவில் ஆடியது. ஈடன் கார்டன்ஸில் சொந்த ஊர் மக்களின் முன் ராய் 100 ஓட்டங்கள் எடுத்தார். அந்த ஆட்டம் புத்தாண்டில் முடிந்தது. ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் அடுத்த டெஸ்ட் தொடங்கியது. இம்முறை ஆட்டம் சேப்பாக்கத்தில் நடைபெறவில்லை. நடுவண் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே உள்ள மாநகராட்சி விளையாட்டரங்கில் நடந்தது. இன்று அவ்விடம் நேரு விளையாட்டரங்கம் எனப்படுகிறது.

ராயும் மன்கடும் ஆட்டத்தைத் தொடங்கினர். மன்கடுக்கு வயது முப்பத்தெட்டு. ராயைவிடப் பதினோர் ஆண்டு மூத்தவர். காலை கடந்தது, உணவு இடைவேளை கடந்தது, தேநீர் இடைவேளையும் கடந்தது. மாலையில் இருவரும் ஆட்டமிழக்காமலேயே திரும்பினர். மறுநாளும் அவர்களே வந்தனர். ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆடிய பின்னர், அணியின் ஓட்டம் 413 ஆக இருந்தபோது, ராய் 173 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். மன்கட் தொடர்ந்து ஆடி 231 ஓட்டங்களை எட்டினார். இந்தியா ஓர் இன்னிங்ஸ், 109 ஓட்ட வேறுபாட்டில் வென்றது.

அதற்கு முன் முதல் விக்கெட்டுக்கான உலகச் சாதனை 359. இங்கிலாந்தின் ஹட்டனும் வாஷ்புரூக்கும் 1948இல் ஜோகன்னஸ்பர்க்கில் படைத்தது அது. ராயும் மன்கடும் அதனை 54 ஓட்டங்களால் கடந்தனர். இந்த 54ஐ எங்கேயோ பார்த்திருக்கிறோம் அல்லவா? 1952இல் இங்கிலாந்தில் ஏழு இன்னிங்ஸ்களில் ராய் எடுத்த மொத்த ஓட்டமும் அதுவே. இது தற்செயல்தான், ஆயினும் கணக்கேடு சில வேளைகளில் இப்படியும் விளையாடும்.

ராய் 1960 வரை 43 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். 79 இன்னிங்ஸ்களில் நான்கு முறை ஆட்டமிழக்கவில்லை. மொத்த ஓட்டங்கள் 2,442. ஆட்டமிழந்த 75 முறைகளால் வகுத்தால் சராசரி 32.56 என வரும். 1952 இங்கிலாந்துத் தொடரை மட்டும் நீக்கிக் கணக்கிட்டால் அது 35.12 ஆக உயரும். ஆனால் அந்த ஏழு இன்னிங்ஸ்களும் அவர் ஆடியவையே; அவற்றை நீக்க எவருக்கும் உரிமையில்லை. பேஸ்பாலின் பெரும்புகழ் வீரர் பேப் ரூத்தின் கணக்கிலும் 714 ஹோம் ரன்களின் அருகிலேயே, பந்தை அடிக்கத் தவறி வெளியேறிய 1,330 முறைகளும் எழுதப்பட்டுள்ளன. இரண்டையும் ஒருசேரப் படிப்பவரே அந்த மனிதரைக் காண்கின்றனர்.

1959இல் லார்ட்ஸ் மைதானத்தில், அணித்தலைவர் கெய்க்வாட் நோயுற்றமையால் ராய் ஒரே ஓர் ஆட்டத்தில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். அதில் இந்தியா தோற்றது. 1975இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அண்ணன் மகன் அம்பர் ராயும், மகன் பிரணவ் ராயும் இந்திய அணிக்காக ஆடினர். 2000ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் ஷெரீப் என்னும் மதிப்புறு பதவியை ஏற்றார். 2001 பிப்ரவரி 4ஆம் நாள் தாம் பிறந்த நகரிலேயே காலமானார். ஐந்து வாரங்களுக்குப் பின் ஈடன் கார்டன்ஸில் லட்சுமணும் திராவிடும் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு நாள் முழுவதும் ஆட்டமிழக்காமல் நின்றனர். அதைக் காண ராய் இல்லை.

அவருடைய எண் மட்டும் காவலின்றி நின்றது. 2006இல் லாகூரில் சேவாக்கும் திராவிடும் அதனை நெருங்கினர். 410இல் சேவாக் ஆட்டமிழந்தார். 2008இல் வங்கதேசத்தின் சிட்டகாங் நகரில் தென்னாப்பிரிக்காவின் மெக்கன்சியும் ஸ்மித்தும் 415 ஓட்டங்கள் சேர்த்தனர். ஐம்பத்திரண்டு ஆண்டு நிலைத்த உலகச் சாதனை இரண்டே ஓட்டங்களால் கைமாறியது. டெஸ்ட் ஆட்டத்தில் இந்திய ஆடவர் அணியின் முதல் விக்கெட்டுச் சாதனையாக 413 இன்றும் நிற்கிறது.

பயிற்சி: பங்கஜ் ராயின் ஐந்து சதங்களையும், அவற்றை அவர் அடித்த நகரங்களையும் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக. அவற்றுள் சென்னையில் அடித்தவை எத்தனை? உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் கண்ட மறக்க இயலாத கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டுப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.