ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815 - ஜனவரி 26, 1879) ஒரு பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் ஆவார். கொல்கத்தாவில் பிறந்த இவர் இலங்கையில் காலமானார். மென்மையான குவியத்தில் மிக அருகில் இருந்து எடுத்த உருவப்படங்களுக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

1838 இல் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். 1848 இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த இவர்கள் 1860 இல் வைட் தீவின் பிரெஷ்வாட்டரில் வீடு வாங்கினர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் இவருக்கு ஓர் ஒளிப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது இவருக்கு வயது 48. கோழிக்கூடு படப்பிடிப்பு அறையாகவும், நிலக்கரி அறை இருட்டறையாகவும் மாற்றப்பட்டன.

ஒளிப்பட முறை

இவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியனைச் சீராக ஊற்றிப் பரப்பி, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். தகடு காய்வதற்குள் படம் எடுத்து, உடனே உருத்துலக்கவும் வேண்டும். அனைத்தும் சில நிமிடங்களுக்குள் நிகழ வேண்டியவை. எங்கேனும் கை பிசகினால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். படத்தைப் பெரிதாக்காமல் தகட்டை நேரடியாகத் தாளின் மீது வைத்து அச்சிட்டதால், பெரிய படத்துக்குப் பெரிய தகடு தேவைப்பட்டது. 1866 முதல் 15 x 12 அங்குலத் தகடுகளைப் பயன்படுத்தினார்.

குறைந்த ஒளியையே இவர் விரும்பியதால், எதிரே அமர்ந்தவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க நேர்ந்தது. சிறு அசைவும் தகட்டில் பதிந்தது. அக்காலத்து வணிகப் படப்பிடிப்பு நிலையங்கள் இதைவிட விரைவாகவும் தெளிவாகவும் படம் எடுத்தன. எனவே மங்கலையும் தகட்டின் கீறல்களையும் ஒளிப்படச் சங்கத்தினர் திறமைக் குறைவு எனக் கடிந்தனர். ஆனால் முகம் அழகாகத் தோன்றும் இடத்திலேயே குவியத்தை நிறுத்திவிடுவது இவர் வழக்கம். அது அறியாமை அன்று, தெரிவு என்றே கொள்ள வேண்டும். 1867 இல் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ச்செல் படத்தில் கலைந்த நரைமுடியும் கண்களும் மட்டுமே இருளில் இருந்து எழுகின்றன. ஒளிப்படத்தை நிலைநிறுத்தத் தயோசல்பேட்டு உதவும் எனக் கண்டவரும் இந்த ஹெர்ச்செல்லே. டார்வின், டென்னிசன், கார்லைல் ஆகியோரையும் படமெடுத்தார்.

இலங்கையில்

1875 இல் கணவருடன் இலங்கைக்குச் சென்றார். அங்கு எடுத்தவற்றுள் சில படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் களுத்துறைப் பகுதி மக்களும் தமிழ்த் தொழிலாளர்களும் காணப்படுகின்றனர். இங்கிலாந்தில் எடுத்த அறிஞர்களின் படங்களில் பெயர்களைக் குறித்த இவர், இவர்களைப் பெரும்பாலும் பெயரின்றியே விட்டுவிட்டார். 1879 இல் மலையகத்தில் காலமான இவரது உடல் பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.