மறுத்துச் சொன்ன தளபதி

1940 மே மாத நடுவில், ஜெர்மானியப் படைகளின் தாக்குதலால் பிரான்ஸ் நிலைகுலைந்து நின்றது. மேலும் போர் விமானங்களை அனுப்புமாறு பிரிட்டனிடம் அந்நாடு மன்றாடியது. பிரதமர் சர்ச்சிலும் உதவவே விரும்பினார். அனுப்பக் கூடாது என்று எழுத்துமூலம் எச்சரித்தவர், பிரிட்டனின் போர் விமானப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஹியூ டௌடிங்.

1882-இல் ஸ்காட்லாந்தின் மொஃபாட் நகரில் பிறந்த டௌடிங், பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து விமானம் ஓட்டக் கற்றவர். முதல் உலகப் போரில், 1916-இல் சோம் போர்முனையில், பேரிழப்புக்கு உள்ளான ஒரு விமான அணிக்கு ஓய்வு தர வேண்டும் என்று வற்புறுத்தினார். மேலதிகாரி டிரென்சார்டுக்கு அது பிடிக்கவில்லை. டௌடிங் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

1936-இல் போர் விமானப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் தலைமை அவருக்குக் கிடைத்தது. குண்டுவீச்சு விமானங்களைத் தடுக்கவே முடியாது என்று பலரும் நம்பிய காலம் அது. டௌடிங் அவ்வாறு எண்ணவில்லை. கடலோர ரேடார் நிலையங்களும் தரையிலிருந்த கண்காணிப்பாளர்களும் தந்த தகவல்களைத் திரட்டிச் சரிபார்த்து, விமானத் தளங்களுக்கு உடனுக்குடன் அனுப்பும் ஏற்பாட்டை உருவாக்கினார். எதிரி வரும் திசை முன்கூட்டியே தெரிந்ததால், விமானங்கள் வானில் வீணே சுற்றிக் காத்திருக்கும் தேவை குறைந்தது. எரிபொருளோடு விமானிகளின் உடல்வலுவும் மிச்சமானது.

எது உண்மையில் அரிது என்பதே பொருளியலின் முதல் கேள்வி. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களைத் தொழிற்சாலைகள் விரைந்து உருவாக்கின. அனுபவமுள்ள விமானியை அப்படி உருவாக்க இயலாது. அந்நிய மண்ணில் வீழும் விமானி சிறைப்படலாம். சொந்த மண்ணின்மேல் பாராசூட்டில் குதித்தவரோ காயமின்றித் தப்பினால் மீண்டும் களம் காணலாம். நாட்டைக் காக்க 52 அணிகள் தேவை என்பது அன்றைய மதிப்பீடு. எஞ்சியிருந்ததோ 36 அணிகளுக்கு இணையான பலம். மே 16-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் டௌடிங் இந்த எண்களையே முன்வைத்தார். நட்பு நாட்டை நட்டாற்றில் விடுவதற்கு ஒப்பான யோசனைதான் அது. எனினும், சில நாள்களில் சர்ச்சில் அதற்கு இணங்கினார். ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தது.

ஜூலை முதல் அக்டோபர் வரை பிரிட்டனின் வானில் நடந்த போரில் ஏறத்தாழ 2,900 வீரர்கள் பறந்தனர். அவர்களில் 544 பேர் உயிரிழந்தனர். அந்த இளைஞர்களோடு டௌடிங்கின் மகன் டெரெக்கும் பறந்தார். ஒவ்வோர் இழப்பும் ஒரு குடும்பத்தின் இழப்பு என்பதைத் தளபதிக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. வானில் ஆதிக்கம் கைகூடாததால், ஹிட்லர் செப்டம்பரில் படையெடுப்பைத் தள்ளிவைத்தார்.

ஆயினும், இரவுநேரக் குண்டுவீச்சைத் தடுக்க முடியாததும், போர் உத்திகள் குறித்த உட்பூசலும் டௌடிங்கைச் சூழ்ந்தன. நவம்பரில் அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அந்த வான்போரைப் பற்றி 1941-இல் அரசு வெளியிட்ட கையேட்டில் அவரது பெயரே இல்லை. 1943-இல் பிரபுப் பட்டம் வந்தது. 1970-இல் மறைந்தபின் அவரது அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. 1988-இல் லண்டனில் சிலையும் எழுந்தது.

ஆட்சியாளர் கேட்க விரும்பாத கணக்கை, காலம் கடக்கும் முன் அவர்முன் வைப்பது அதிகாரியின் கடமை. அதற்கு நன்றி உடனே கிடைப்பதில்லை. பல வேளைகளில் கிடைப்பதே இல்லை. இதை 1916-லேயே அறிந்திருந்தும், 1940-இல் டௌடிங் மறுபடியும் பேனாவை எடுத்தார். பிரிட்டன் பிழைத்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்குண்டு.