ஒரே கிட்டார், ஒரே விரல்: ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கலைஞரின் வாழ்க்கை

ரெங்கம் – ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங் வட்டாரத்தில் கோயில் திருவிழாவோ திருமண விருந்தோ நடந்தால் இசைக்குழு மேடை ஏறுவது பழகிப்போன ஒன்று. பாடகரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். கீபோர்டு வாசித்தவர் யார் பிள்ளை என்று பெரியவர்கள் விசாரிப்பார்கள். மேடை ஓரத்தில் நான்கு கம்பிக் கிட்டாரோடு நின்றவரை யாரும் கேட்பதில்லை. ஆனால், அவர் கை ஒரு நிமிடம் ஓய்ந்தால் பாட்டு அடித்தளம் இல்லாத வீடுபோல் ஆகிவிடும்.

பகலில் வேலை, வார இறுதியில் பேஸ் கிட்டார் என்று வாழும் இளைஞர்கள் பலருக்கு இருக்கும் பெரிய கவலை, எந்தக் கிட்டார் வாங்குவது, எந்த ஆம்ப் வாங்குவது என்பதுதான். விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் நன்றாக வாசிக்க முடியும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அந்த எண்ணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றது அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் வாழ்க்கை. பாட்டுலகம் இன்று போற்றும் இந்த பேஸ் கலைஞரின் பெயர், அவர் புகழின் உச்சியில் இருக்க வேண்டிய ஆண்டுகளில் இசைத்தட்டு உறைகளில் அச்சாகவே இல்லை.

பருத்தித் தீவிலிருந்து கார் நகருக்கு

ஜேமர்சன் 1936 ஜனவரி 29ஆம் தேதி பிறந்தார். அவருடைய ஊர் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகில் உள்ள எடிஸ்டோ தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் அங்கே பருத்தித் தோட்டங்கள் செழித்தன. அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்களின் வழிவந்தவர்கள் அதே மண்ணில் வாழ்ந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய பாட்டும் தாளமும் தேவாலயப் பாடல்களும் வாழ்ந்தன.

ஜேமர்சனின் பாட்டி பியானோ வாசிப்பார். அத்தை தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். சிறுவனும் பியானோ கற்றான். ஒரு குச்சியில் ரப்பர் வளையத்தை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றருகே அதை மீட்டி எறும்புகளை ஆட வைக்க முயன்ற கதை அவரைப் பற்றிய நூலில் பதிவாகியுள்ளது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த விளையாட்டைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்காது.

1954ல் தாயாரோடு வடக்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். தோட்டங்களை விட்டு ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போன நம் குடும்பங்களைப் போலவே, அந்தக் காலத்தில் தென் மாநிலக் கறுப்பின மக்கள் பெரும் எண்ணிக்கையில் வடக்கே கார் தொழிற்சாலைகள் இருந்த நகரங்களுக்குப் போனார்கள். டெட்ராய்டில் நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோதுதான் அவர் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைக் கையில் எடுத்தார். பள்ளிக் காலத்திலேயே நகரத்து ஜாஸ், புளூஸ் விடுதிகளில் வாசிக்கத் தொடங்கினார்.

பாம்புக்குழியில் ஒரு வேலை

1959ல் பெரி கோர்டி என்பவர் டெட்ராய்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி அதில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். அவர் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கார் உதிரிப் பாகங்கள் வரிசையாகப் பொருத்தப்படுவதுபோல் பாட்டையும் தயாரிக்கலாம் என்று நம்பினார். அங்கே உருவானதுதான் மோட்டவுன் நிறுவனம். கூரையிலிருந்து கம்பிவடங்கள் தொங்கிய அந்தச் சிறிய அறைக்கு இசைக்கலைஞர்கள் வைத்த பெயர் பாம்புக்குழி.

ஜேமர்சன் அந்த அறையின் நிரந்தர பேஸ் கலைஞர் ஆனார். டெம்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’, சுப்ரீம்ஸ் குழுவின் ‘யு கான்ட் ஹரி லவ்’, ஸ்டீவி வொண்டரின் ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்’, ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘பெர்னடெட்’ எல்லாவற்றிலும் ஒலிப்பது அவருடைய கைதான். அமெரிக்கப் பட்டியல்களில் முதலிடம் பிடித்த 20க்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் வாசித்திருக்கிறார்.

அதுவரை பாப் பாடல்களில் பேஸ் கிட்டார் பெரும்பாலும் அடிப்படைச் சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஜேமர்சன் அதைப் பாடகரோடு பேச வைத்தார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் ஓர் அடி எடுத்து வைக்கும். பாடகர் திரும்பி வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாக நடந்து போவதை ரசித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. அந்தப் பாடல்களில் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன். அவர் பெயரையும் பாட்டைக் கேட்டவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

அவர் கையில் இருந்தது என்ன?

மின்சார பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியவர் லியோ ஃபெண்டர். வானொலிப் பெட்டி பழுது பார்த்த அவர், 1951ல் பிரிசிஷன் பேஸ் என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தூக்கிச் செல்ல முடியாத டபுள் பேஸுக்குப் பதிலாகத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி அது. கழுத்தில் ஃபிரெட் கட்டைகள் இருந்ததால் சுரம் பிசகாமல் விழுந்தது. பெயரில் உள்ள பிரிசிஷன் என்ற சொல் அந்தத் துல்லியத்தைத்தான் குறிக்கிறது.

1960களின் தொடக்கத்தில் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து இந்தக் கருவிக்கு மாறினார். அவர் நெடுங்காலம் வாசித்தது 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு பிரிசிஷன் பேஸ். நண்பர்கள் மத்தியில் அதற்கு ஃபங்க் மெஷின் என்று பெயர். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண மாடல்தான். அதில் ஒலி அளவுக்கு ஒரு குமிழ், ஒலித் தன்மைக்கு ஒரு குமிழ், பேட்டரி கிடையாது. அவர் இரண்டு குமிழ்களையும் முழுமையாகத் திறந்தே வைத்திருப்பார்.

கம்பிகள் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த பிளாட்வவுண்ட் வகை. மேற்புறம் வழுவழுப்பாக இருக்கும் இந்தக் கம்பிகளில் விரல் உரசும் சத்தம் எழாது. ஒலி கனத்து, மெத்தென்று விழும். கம்பி அறுந்தால் ஒழிய அவர் மாற்றமாட்டார். பாலத்தின் மேல் இருந்த உலோக மூடிக்குள் ஒரு துண்டு நுரைப்பஞ்சு இருந்தது. அது கம்பியின் ரீங்காரத்தை அடக்கிவிடும். அதனால் ஒவ்வொரு சுரமும் முழவின் அடிபோல் தனித்து ஒலித்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அந்த விரலுக்குக் கொக்கி என்று பட்டப்பெயர் வந்தது.

விடுதிகளில் வாசிக்கும்போது அவர் பயன்படுத்தியது ஆம்பெக் பி-15 என்ற ஆம்ப். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஏறத்தாழ 25 முதல் 30 வாட் வலு, அவ்வளவுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்ஸரில் இணைத்து வாசித்தார்.

இன்றைய கடையில் இதைவிடக் கூடுதல் வசதி கொண்ட கருவிகள் தொடக்க விலையிலேயே கிடைக்கின்றன. ஒரே கருவியை ஆண்டுக்கணக்கில் வாசித்து, அதன் ஒவ்வொரு ஃபிரெட்டும் எப்படி ஒலிக்கும் என்று விரல் நுனியில் அறிந்து வைத்திருந்ததுதான் ஜேமர்சனின் வலிமை.

வாங்க நினைப்பவர்களுக்கு

பொழுதுபோக்காக வாசிப்பவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சில செய்திகள் உண்டு. முதல் கருவிக்கு நான்கு கம்பிகள் போதும். ஐந்து கம்பிக் கிட்டாரும் பேட்டரி மின்சுற்றும் பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையர், யமஹா, ஐபனேஸ் போன்றவற்றில் பிரிசிஷன் வடிவத்தை ஒட்டிய எளிய மாடல்கள் உண்டு.

பயன்படுத்திய கருவியை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால், படத்தைப் பார்த்து மட்டும் பணம் கட்டக்கூடாது. கிட்டாரின் தலைப் பக்கத்திலிருந்து கழுத்தை நேராகப் பார்த்தால் வளைவோ முறுக்கலோ தெரிந்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி வாசித்து, எங்காவது கரகரப்பு எழுகிறதா என்று கேட்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே பழுது இருக்கலாம். தோளில் மாட்டி அரை மணி நேரம் நின்றும் பார்க்க வேண்டும். எடை தாங்காத கருவி விரைவில் அலமாரிக்குப் போய்விடும்.

ஆம்ப் விஷயத்தில் ஓர் அறிவியல் உண்மையை மறக்கக்கூடாது. பேஸ் கிட்டாரின் கனமான கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தாங்க வடிவமைக்கப்பட்டதல்ல. ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம். வீட்டில் பழக 15 முதல் 25 வாட் பேஸ் ஆம்ப் போதும். டிரம்ஸோடு மண்டபத்தில் வாசிக்க அது பற்றாது. அங்கே ஜேமர்சன் செய்ததுபோல் டிஐ பெட்டி வழியாக மிக்ஸரில் இணைத்துவிடலாம். பெரிய ஆம்ப் வாங்கும் செலவு மிச்சமாகும்.

நம் நாட்டுப் புழுக்கத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மரக் கழுத்தும் அசையும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்து வைப்பது நல்ல பழக்கம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருத்த வேண்டுமானால் ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. பழகாதவர்கள் அதைக் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. பழைய பாடல்களின் மெத்தென்ற ஒலி வேண்டுவோர், பாலத்துக்கு அருகே கம்பிகளின் அடியில் பாத்திரம் துலக்கும் புதிய பஞ்சு ஒரு துண்டைச் செருகிப் பார்க்கலாம். செலவு சில காசுகள்தான்.

உறையில் இல்லாத பெயர்

ஜேமர்சனும் அவரோடு வாசித்தவர்களும் ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைக்கப்பட்டார்கள். வாசித்ததற்குக் கூலி கிடைத்தது. இசைத்தட்டு விற்பனையில் பங்கு கிடைக்கவில்லை. பெயரும் அச்சாகவில்லை. பாடகர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். நிறுவனம் கோடிகளைப் பார்த்தது. விடியற்காலையில் பால் வெட்டி வாளி சுமந்தவரின் பெயர் ரப்பர் மூட்டையில் எழுதப்படாததுபோல் இவர்களின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, அந்த பேஸ் வாசிப்பு தம்மைப் பெரிதும் ஈர்த்ததாகப் பின்னாளில் தெரிவித்தார். அதைக் கேட்டுப் பழகிய காலத்தில் வாசித்தவரின் பெயர் அவருக்கே தெரியாது.

1971ல்தான் நிலைமை மாறியது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு உறையில் கலைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஜேமர்சனின் பெயருக்கு முன் ஒப்பற்றவர் என்ற அடைமொழியும் இருந்தது. அவர் மோட்டவுனில் சேர்ந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. டெட்ராய்ட் கலைஞர்கள் பலர் வேலையின்றி நின்றார்கள். ஜேமர்சனும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். ஆனால், அங்கே காலம் மாறியிருந்தது. தயாரிப்பாளர்கள் பளிச்சென்ற புதுக் கம்பியின் ஒலியைக் கேட்டார்கள். அவர் தம் பழைய கம்பிகளை விடவில்லை. கருவி மீது அவர் வைத்த பிடிவாதம் ஒரு காலத்தில் அவருக்குப் பலம். இப்போது அதுவே வாய்ப்புகளைக் குறைத்தது.

அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது குடி. இளம் வயதிலேயே தொற்றிய பழக்கம், வேலை குறையக் குறைய அவரை விழுங்கியது. தோட்டக் குடும்பங்கள் பல இந்தக் கதையைத் தங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கின்றன. கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் குடி அதற்கு மரியாதை தருவதில்லை.

1983 மார்ச்சில் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா கலிஃபோர்னியாவில் தொலைக்காட்சிக்காகப் பதிவானது. மேடையில் ஒலித்த பாடல்கள் பலவற்றின் பேஸ் வரிகளை உருவாக்கியவர் ஜேமர்சன். அவருக்கு அழைப்பு இல்லை. தாமே டிக்கெட் வாங்கிப் பார்வையாளராக மாடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதே ஆண்டு அவருடைய ஃபங்க் மெஷின் திருடு போனது. சில நாள்களில், ஆகஸ்ட் 2ஆம் தேதி, கல்லீரல் சிதைவும் அதனால் வந்த சிக்கல்களும் அவர் உயிரைப் பறித்தன. அப்போது அவருக்கு வயது 47. உடல் டெட்ராய்ட் உட்லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

பெயர் திரும்பி வந்தது

1989ல் ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற இசைக்கலைஞர் அவருடைய வாழ்க்கையையும் பேஸ் வரிகளையும் நூலாக்கினார். 2000ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ஜேமர்சனின் பெயர் சேர்க்கப்பட்டது. பின்னணிக் கலைஞர்களுக்கென்று அந்த மண்டபம் தனிப் பிரிவு தொடங்கிய முதல் ஆண்டு அது. 2002ல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் வெளியானது. 2004ல் அந்தக் குழுவுக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. இவற்றில் எதையும் பார்க்க ஜேமர்சன் உயிரோடு இல்லை.

ரெங்கம் பக்கத்து இசைக்குழுக்களுக்கு இதில் உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. நிகழ்ச்சி அழைப்பிதழிலும் காணொளியின் கீழேயும் பாடகர் பெயரோடு பேஸ் வாசித்தவரின் பெயரையும் போடலாம். அதற்கு எந்த ஆம்பும் வாங்கத் தேவையில்லை.