ஸுஹைப் ரூமி (ரலி) அவர்களின் இலாபமான வியாபாரம்

பிழைக்கப் போன ஊரை விட்டுப் புறப்படும்போது, அங்கே தேடிய பணத்தில் இவ்வளவுதான் எடுத்துப் போகலாம் என்று சட்டம் வருவது வர்த்தகர்களாகிய நமக்குப் புதிதல்ல. 1998ல் மலேசியாவில் பயணி ஒருவர் 1,000 ரிங்கிட்டுக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோகத் தடை வந்தது. 1964ல் பர்மா அரசாங்கம் கடைகளைத் தேசிய உடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாதவை என்று அறிவித்தபோது, நம்மவர் எத்தனையோ பேர் வெறுங்கையோடு கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். இப்படிப்பட்ட தடையை 622ஆம் ஆண்டிலேயே சந்தித்த வர்த்தகர் ஸஹாபிப் பெருமகனார் ஸுஹைப் ரூமி (ரலி) அவர்கள்.

அவர்கள் அரபுக் குலத்தில் பிறந்தவர்கள். தந்தையார் ஸினான், பாரசீக மன்னருக்காக உபுல்லாப் பகுதியை நிர்வகித்தவர். கொள்ளையிட வந்த ரோமர் படை, சிறு பிராயத்திலேயே அவர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போயிற்று. ரோமரிடையே வளர்ந்ததால் ரூமி என்ற பெயர் நிலைத்தது. பின்னர் அடிமையாக மக்கா வந்து, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்ற செல்வரிடம் விடுதலை பெற்று, வியாபாரத்தில் இறங்கிப் பெரும்பொருள் சேர்த்தார்கள்.

அர்கம் (ரலி) அவர்களின் இல்லத்தில், அம்மார் (ரலி) அவர்களோடு ஒரே நாளில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஆதரிக்கச் சொந்தக் குலம் மக்காவில் இல்லாததால் பட்ட துன்பம் அதிகம்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது குறைஷியர் வழிமறித்தனர். ஏழையாக வந்தவர் தங்கள் ஊரில் தேடிய செல்வத்தை வெளியூருக்குக் கொண்டுபோக விடமாட்டோம் என்பது அவர்கள் வாதம். ஸுஹைப் (ரலி) அவர்கள் வில்வித்தையில் வல்லவர்கள். கையில் அம்பு இருந்தும், பொருள் வைத்திருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, வழியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முதலும் இலாபமும் மக்காவிலேயே நின்றுவிட்டன.

குபாவில் அவர்களைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த வியாபாரம் இலாபமாயிற்று என்று வாழ்த்தினார்கள். சூரத்துல் பகராவின் 207ஆம் வசனம் இவர்கள் பொருட்டே இறங்கியது என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து.

குறைஷியர் பணத்தைத் தடுத்தார்கள். நாணயத்தைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. மதீனாவில் அந்த நாணயமே ஸுஹைப் (ரலி) அவர்களுக்கு முதலாயிற்று. பத்ருப் போரில் கலந்துகொண்டார்கள். ஏழைகளுக்கு உணவளிப்பதில் பெயர் பெற்றார்கள். 644ல் உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு கிடந்தபோது, புதிய கலீபா தேர்ந்தெடுக்கப்படும் வரை தொழுகை நடத்தும் பொறுப்பை இவர்களிடமே ஒப்படைத்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஜனாஸாத் தொழுகையை நடத்தியதும் இவர்களே. ஒரு காலத்தில் சந்தையில் விற்கப்பட்டவருக்கு இதைவிட வேறென்ன மதிப்பு வேண்டும்? ஹிஜ்ரி 38ல் மதீனாவில் காலமாகி, பகீஃ மையவாடியில் அடக்கமானார்கள்.

சகோதரர்களே, சட்டம் மாறும், நோட்டு செல்லாமற் போகும், கடையும் கைமாறும். கணக்கில் நேர்மையும், கடனைத் திருப்பும் வாக்கும், ஈமானும் நாம் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் நம்மோடு இறங்கும். அத்தகைய முதலை நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.