சுட்டுவிரலில் சிந்தனையைக் கண்டவர்

ஆசிரியர் பயிற்சியில் லெவ் வைகோட்ஸ்கி எங்களுக்கு ஒரு கோட்பாட்டின் பெயர் மட்டுமே. கணிதம் கற்பிக்கத் தொடங்கிய பின்னர்தான் அந்த மனிதரைத் தேடி வாசித்தேன்.

1896இல் இன்றைய பெலாரஸிலுள்ள ஓர்ஷாவில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார், கோமெலில் வளர்ந்தார். சார் மன்னராட்சியில் யூத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் மிகச் சொற்ப இடங்களே இருந்தன. 1913இல் அவற்றையும் சீட்டுக் குலுக்கியே வழங்கினார்கள். சிறந்த பெறுபேறு பெற்றிருந்தும் குலுக்கலில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. மொஸ்கோவில் சட்டம் படித்து, கோமெலுக்குத் திரும்பி ஆசிரியரானார். 1924இல் ஒரு மாநாட்டில் ஆற்றிய உரை அவரை மொஸ்கோ உளவியல் நிறுவகத்துக்குக் கொண்டு சென்றது. அதற்கு முன்பே காசநோய் அவரைப் பற்றியிருந்தது.

எட்டாத பொருளை நோக்கிக் குழந்தை கை நீட்டுகிறது. தாய் அதை எடுத்துக் கொடுக்கிறாள். நாளடைவில் அந்தக் கைநீட்டல் பொருளுக்கானதாக அல்லாமல் தாய்க்கான செய்தியாகிறது, சுட்டுதல் பிறக்கிறது. இருவருக்கிடையில் நிகழ்வதே பின்னர் மனதுக்குள் சிந்தனையாகிறது என்பது வைகோட்ஸ்கியின் முடிவு.

இதை என் வகுப்பறையில் தினமும் காண்கிறேன். மூன்று பிள்ளைகள் ஒரு கேத்திரகணித வரைபடத்தைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். ஒருத்தியின் விரல் சமாந்தரக் கோட்டின் வழியே ஓடி ஒரு கோணத்தில் நிற்கும். அடுத்தவள் புருவம் சுருக்குவாள். மூன்றாமவன் தாளைத் திருப்பிப் பார்த்துத் தலையசைப்பான். பென்சில் கைமாறும். 'ஒன்றுவிட்ட கோணம்' என்ற சொல் அதன் பிறகுதான் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பார்த்தெழுதுவதாகத் தோன்றலாம்.

தனியே 8 வயதுக்குரிய வினாக்களைச் செய்யும் இரு பிள்ளைகளை வைகோட்ஸ்கி உதாரணம் காட்டினார். சிறு உதவி கிடைத்ததும் ஒரு பிள்ளை 12 வயதுக்குரியவற்றைத் தீர்க்கிறது. மற்றது 9 வயதுக்குரியவற்றோடு நிற்கிறது. தனியே எழுதும் பரீட்சை இந்த வேறுபாட்டைக் காட்டாது என்றார்.

1934 ஜூன் 11இல், 37ஆவது வயதில் இறந்தார். அவரது முக்கிய நூல் அவர் மறைந்த பின்னரே அச்சில் வந்தது. 1936இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி, பிள்ளைகளைச் சோதித்துத் தரம்பிரிக்கும் ஆய்வுகளைக் கண்டித்துத் தடைசெய்தது. அத்தகைய சோதனைகளை விமர்சித்தவரின் எழுத்துகளும் அதில் அகப்பட்டன. அந்த நூல் மறுபடி வெளிவர 1956 ஆனது.

இன்று கல்வியியல் படிக்கும் எல்லோரும் அவரது பெயரை எழுதுகிறார்கள். ஆனாலும் பிள்ளைகளைத் தனித்தனியே இருத்தித்தான் புள்ளி போடுகிறோம். அவர்களின் விரல்கள் பேசியதற்குப் புள்ளித்தாளில் இன்னும் இடமில்லை.