சேலம் சிறையும் ஏ.கே.ஜி.யின் வழக்கும்

சேலத்திலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் புறப்படுகிறவர்கள் அஸ்தம்பட்டியைக் கடந்துதான் ஏற்காடு மலையேற வேண்டும். மே மாதத் திருவிழா நாள்களில் மலையாளிப் பழங்குடியினரும் சமவெளி மக்களுமாக அந்தச் சாலை நிறைந்திருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, காபித் தோட்டங்களைத் தாண்டி, குகைக் கோயிலில் சேர்வராயனையும் காவிரியம்மனையும் வணங்கித் திரும்பும் அவர்களில், அஸ்தம்பட்டி மத்திய சிறையை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் கொல்லப்பட்டனர். குடியரசு பிறந்து அப்போது பதினாறு நாள்களே ஆகியிருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர், அன்றைய சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்த மலபாரின் காவும்பாயி உள்ளிட்ட ஊர்களில் நிலத்துக்காகவும் நெல்லுக்காகவும் போராடிச் சிறைப்பட்ட கம்யூனிஸ்ட் விவசாயிகள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பதே அவர்களுக்கும் சிறை நிர்வாகத்துக்கும் இடையே நீண்டுகொண்டிருந்த பூசலின் அடிப்படை. வேலியும் பூட்டும் அரசின் கையில் இருக்க, ஆயுதமற்றவர்கள் சுடப்பட்டனர்.

அந்த நாளில் அதே மாகாண அரசின் கைதியாக இருந்த ஒருவர், அடுத்த சில வாரங்களில் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். ஆயில்யத்து குற்றியாரி கோபாலன் என்பது அவருடைய முழுப்பெயர். ஏ.கே.ஜி. என்றால்தான் தெரியும்.

1904-இல் கண்ணூர் அருகே பிறந்த கோபாலன், பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். உப்புச் சத்தியாகிரகம் அவரை வகுப்பறையிலிருந்து சிறைக்கு அழைத்துச் சென்றது. 1931-இல் குருவாயூர் கோயிலில் அனைவருக்கும் நுழைவு கேட்டு நடந்த சத்தியாகிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்து அடிபட்டார். 1936-இல் வேலையின்மையையும் பசியையும் முறையிட, கண்ணூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே ஒரு பட்டினிப் பேரணியை நடத்திச் சென்றார். வழியெங்கும் மலையாளமும் தமிழும் பேசும் ஊர்கள் அந்தக் கூட்டத்துக்குச் சோறிட்டன. காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். 1941-இல் வேலூர் சிறைச் சுவரில் துளையிட்டுத் தோழர்களுடன் தப்பினார். உலகப் போர் முடியும்வரை தலைமறைவு வாழ்க்கை.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலையைக் கொண்டாடியபோது கோபாலன் கண்ணூர் சிறையில் இருந்தார். பின்னர் வெளியே வந்தவரை அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் பிடித்தார்கள். இம்முறை பிடித்தது சொந்த நாட்டின் அரசு.

அரசின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். 1948-இல் கொல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு, புதிய அரசைக் கவிழ்க்கும் கிளர்ச்சிப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னை மாகாண அரசு கட்சியைத் தடை செய்தது. அந்த அச்சம் கற்பனையல்ல. ஆனால், வெளியே துப்பாக்கி ஏந்தியவரைப் பற்றிய அச்சம், உள்ளே பூட்டப்பட்டவரைச் சுடுவதற்கு எப்படிக் காரணமாகும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

சேலம் துப்பாக்கிச் சூடு நடந்து பதினைந்து நாள்களில், பிப்ரவரி 26 அன்று தடுப்புக் காவல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாதாரணச் சட்டங்களின்கீழ் கோபாலன்மீது தொடுத்த வழக்குகளின் தண்டனைகள் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆகவே, மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவு அவரிடம் தரப்பட்டது. விசாரணை கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. காவலுக்கான காரணங்களைக் கைதி நீதிமன்றத்தில் வெளியிடுவதே குற்றம் என்று அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொன்னது.

ஏ.கே.ஜி. எதிர் சென்னை மாநிலம் என்ற அந்த ஆட்கொணர்வு வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அடிப்படை உரிமைகள் குறித்து உச்சநீதிமன்றத்தின் முன் வந்த முதல் பெரிய வழக்கு அது. கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவில் சட்டம் என்ற சொல்லுக்கு நியாயமான சட்டம் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் எழுதி அதற்கு நடைமுறை என்று பெயரிட்டுவிட முடியுமானால், அந்த உரிமை யாரிடமிருந்து யாரைக் காக்கும்?

1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மையினர் நம்பியாரின் வாதத்தை ஏற்கவில்லை. அமெரிக்க அரசமைப்பில் உள்ள சொற்றொடரை நம் அரசமைப்பு அவை வேண்டுமென்றே தவிர்த்தது என்று காட்டி, சட்டம் வகுத்த நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்றனர். நீதிபதி பஸல் அலி மட்டும் அந்த வாசலைத் திறந்து வைக்க விரும்பி மாறுபட்டு எழுதினார். காரணத்தை நீதிமன்றத்திடமிருந்தே மறைக்கச் சொன்ன 14-ஆவது பிரிவு செல்லாது என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டனர். மனு தள்ளுபடியானது. கோபாலன் சிறைக்கே திரும்பினார்.

இந்தத் தோல்விக்கும் சேலத்துச் சாவுகளுக்கும் தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன். காவலில் இருப்பவரின் உயிருக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்று கேட்பதற்கு இருந்த ஒரே அரசமைப்புச் சாவி 21-ஆவது பிரிவு. குடியரசின் முதல் ஆண்டிலேயே அந்தச் சாவியை நீதிமன்றம் பாதியாக அறுத்துவிட்டது. மலபாரின் ஏதோ ஒரு கிராமத்தில் கணவனையோ மகனையோ இழந்த ஒரு பெண், உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கும் வழி அன்று இல்லை. அது வருவதற்கு 1983-இல் ருதுல் ஷா வழக்கும், காவலில் இறந்த மகனுக்காக ஒடிசாவின் ஒரு தாய் எழுதிய கடிதத்திலிருந்து 1993-இல் பிறந்த நீலாவதி பெஹரா தீர்ப்பும் தேவைப்பட்டன.

சட்டத்தில் வழியில்லாத கோபம் வேறு வழி தேடும். கட்சிக்குத் தடை, தலைவர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்த நேரம். தெருவில் ஒன்றுகூடுவதே கடினம். வாக்குப் பெட்டி வந்தபோது நிலைமை மாறியது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸால் 152 இடங்களையே பெற முடிந்தது. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களை வென்றனர். சேலம் சிறையில் துப்பாக்கிகள் வெடித்தபோது முதல்வராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தன் தொகுதியிலேயே தோற்றார். உணவுப் பஞ்சமும் கட்டுப்பாடுகளும் அதற்குப் பெரிய காரணங்கள். சிறைச்சாவுகளுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. 1951-இல் விடுதலையாகியிருந்த கோபாலன், கண்ணூர் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குள் நுழைந்தார்.

அதன்பின் அவர் தொடர்ந்து மக்களவையில் இருந்தார். ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். காபி வாரியம் தன் காபி விடுதிகளை மூடித் தொழிலாளர்களை வெளியே அனுப்பியபோது, அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டியவர் அவர்தான். இந்தியன் காபி ஹவுஸ் என்ற பெயர்ப்பலகை இன்றும் பல ஊர்களில் தொங்குவதற்கு அதுவே காரணம். ஆனால் அவருடைய கட்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1957-இல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் அரசின் காவல் துறை, 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் போராட்டக் கூட்டத்தின்மீது சுட்டதில் ஏழு பேர் இறந்தனர். சேலத்துக்காக அழுதவர்கள் அங்கமாலியை எப்படி விளக்குவது என்று திணறினார்கள். விசைக்குப் பின்னால் இருப்பது எந்தக் கட்சியின் அரசு என்பது குண்டுக்குத் தெரியாது.

1975-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது கோபாலனுக்கு எழுபது வயது கடந்திருந்தது, உடலும் தளர்ந்திருந்தது. கைதாகி விடுவிக்கப்பட்ட அவர், ஜூலையில் மக்களவையில் எழுந்து நெருக்கடிநிலையை எதிர்த்துப் பேசினார். ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கின் விசாரணையில், நீதிபதி ஹெச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்குரைஞர் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு காவலர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால், நெருக்கடிநிலை நீடிக்கும்வரை அதற்கும் பரிகாரம் கிடையாதா? கிடையாது என்பதே அரசு தரப்பின் பதில். 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றனர். கன்னா மட்டும் மறுத்தார். 1950-இல் தொடங்கிய தர்க்கம் போய்ச் சேரக்கூடிய கடைசிப் படிக்கட்டு அதுதான்.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள், மார்ச் 22 அன்று, கோபாலன் காலமானார். பத்து மாதங்கள் கழித்து, 1978 ஜனவரி 25 அன்று, மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டது. நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று நம்பியார் கேட்டது, இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் சட்டமானது. காவலில் எடுக்கப்பட்டவரை எப்படி நடத்த வேண்டும் என்ற 1996-இன் டி.கே. பாசு தீர்ப்பும், மோதல் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்ற 2014-இன் வழிமுறைகளும் அந்த மண்ணில் முளைத்தவை. ஜபல்பூர் தீர்ப்பை 2017-இல் நீதிமன்றமே புதைத்தது.

விதிகள் இப்படி வளர்ந்திருக்கின்றன. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல் துறையினர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. சம்பவத்துக்கும் அறிக்கை வெளியானதற்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல். பரிந்துரை வேறு, குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டு வேறு.

சேலத்தில் இறந்த 22 பேருக்காகக் கேரளத்திலும் தமிழகத்திலும் ஒவ்வொரு பிப்ரவரி 11 அன்றும் கூட்டங்கள் நடக்கின்றன. மலையேறும் பேருந்துகள் அன்றும் வழக்கம்போல் அஸ்தம்பட்டியைக் கடந்து போகின்றன.